அளவுநாடாவும் மூப்புப் பட்டியலும்: காக்கிச் சட்டைக்குள் நாம் நுழைந்த வரலாறு



தென்மாவட்டத்தில் காவல்துறை என்று பேச்செடுத்தால் கொடியன்குளத்தில்தான் தொடங்குவோம். 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான காவலர்கள் அந்த ஊருக்குள் புகுந்து, வளைகுடா நாடுகளில் உழைத்துச் சேர்த்த பொருளை எல்லாம் அடித்து நொறுக்கினார்கள். இங்கே இருக்கும் மூத்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அடி வாங்கியதன் வரலாற்றை நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். எழுதாமல் விட்டது இன்னொன்று. அந்தக் காக்கிச் சட்டையை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது, போட்டவனை எந்தப் படியில் நிறுத்தி வைப்பது என்பதை எந்த விதி, எந்தக் காலத்தில் முடிவு செய்தது? கரிவலம்வந்தநல்லூரில் நின்று பேசுவதால் இந்த வட்டாரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நமக்கு அருகில் நெற்கட்டும்செவல் இருக்கிறது. 1755-இல் கர்னல் ஹெரான் பீரங்கியோடு வந்து நின்ற பாளையம். பூலித்தேவரின் படையில் ஒண்டிவீரனும் வெண்ணிக் காலாடியும் படை நடத்தியதை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாய்வழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒருவர் அருந்ததியர், மற்றவர் தேவேந்திரர். வாய்மொழிக்குச் சான்று கேட்டவர்கள் பலர். 2022 ஆகஸ்ட் 20 அன்று ஒண்டிவீரனுக்கு அஞ்சல் தலை வந்த பிறகு அந்தக் குரல் கொஞ்சம் தணிந்திருக்கிறது. அஞ்சல் தலை வராவிட்டாலும் கதை கதைதான் என்பது வேறு விஷயம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த வட்டாரத்தின் நினைவில் ஆயுதம் பிடிப்பது ஒரு சாதிக்கு மட்டும் உரிய வேலையாக இருந்ததில்லை.

பாளையங்கள் 1801-இல் ஒடுக்கப்பட்டன. பாளையக்காரரின் காவல் உரிமை கும்பெனியின் கைக்குப் போனது. ஆனால் ஊர்க்காவல் ஊரிலேயே நின்றது. தலையாரியும் வெட்டியானும் இருந்தார்கள். இரவில் களத்தைக் காப்பது, தண்டோரா போடுவது, சாவுச் செய்தி கொண்டு போவது, ஊர் எல்லையில் பிணம் கிடந்தால் அதிகாரி வரும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பது என்று காவல் வேலையின் கசப்பான பகுதியில் பெரும்பங்கு நம் ஆட்களின் தலையில் விழுந்தது. சம்பளம் என்று சொல்ல எதுவும் இல்லை. களத்தில் அள்ளிப் போடும் தானம்தான். 1895-ஆம் ஆண்டுச் சட்டம் கிராமப் பணிகளைப் பரம்பரைப் பணி என்றே எழுதி வைத்தது. அந்தப் பரம்பரை முறையை ஒழிக்கும் சட்டம் 1968-இல்தான் வந்தது.

இதற்குள் 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டப்படி சென்னை மாகாணத்தில் சம்பளம் வாங்கும் போலீஸ் படை உருவாகிவிட்டது. வில்லியம் ராபின்சன் முதல் தலைமை அதிகாரி. இந்தப் படைதான் நமக்கு வாசலைச் சாத்தியது. காரணத்தைத் தேடி ஆவணக் காப்பகம் வரை போக வேண்டாம். போலீஸ்காரன் வீட்டுக்குள் நுழைந்து சோதனை போட வேண்டும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். தொட்டாலே தீட்டு என்று நம்புகிற ஊரில், தொடும் அதிகாரத்தை யாரிடம் கொடுப்பார்கள்? பிணத்துக்குக் காவல் இருக்க நம் ஆள் போதும். உயிரோடு இருப்பவனைக் கைது செய்ய வேறு ஆள் வேண்டியிருந்தது.

பட்டாளத்தின் கதை இதைவிட விசித்திரமானது. சென்னைப் பட்டாளத்தில், குறிப்பாக சாப்பர்ஸ் பிரிவில், பறையர்கள் நெடுங்காலம் பணியாற்றினார்கள். 1880-களில் ராபர்ட்ஸ் பிரபு போன்ற தளபதிகள் 'போர்க்குணம் கொண்ட இனம்' என்ற கோட்பாட்டைத் தூக்கிப் பிடித்தார்கள். வடமேற்கில் உயரமாக வளர்ந்தவன் வீரன், தெற்கத்தியான் உதவாதவன். அடுத்த சில ஆண்டுகளில் பம்பாய் மாகாணத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பதும் நின்றது. தந்தை சுபேதாராக இருந்த அம்பேத்கருக்கு இது வீட்டுச் சோகம். 1930 நவம்பரில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அவர் எழுந்து நின்று கேட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. வெள்ளைக்காரர் வருவதற்கு முன் எங்களைக் காவல் படையில் சேர்க்கவில்லை, நீங்கள் வந்த பிறகு சேர்த்தீர்களா என்ற பொருளில் கேட்டார். பட்டாளத்தைப் பற்றியும் அப்படியே. அந்த அவையில் அவரோடு இருந்தவர் நம் இரட்டைமலை சீனிவாசன். கோயில், கிணறு என்று பேசிய அதே மூச்சில் போலீஸ் வேலையையும் அம்பேத்கர் கேட்டார் என்பதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்னை மாகாணத்தில் கதவு கணக்கின் வழியாகத் திறந்தது. நீதிக்கட்சிக் காலத்தில் உருவாகி 1920-களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணைப்படி 12 இடங்களில் ஓர் இடம் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு. 1947-இல் அது 14-க்கு 2 ஆனது. 1951-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை வீழ்த்தியதும், அதே ஆண்டு அரசியல் சட்டம் முதல் முறையாகத் திருத்தப்பட்டதும் உங்களுக்குத் தெரிந்த கதை. 1971 முதல் 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு 2009-இல் வந்தது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று சொல்லிவிட்டது.

1991-இல் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. இன்று இரண்டாம் நிலைக் காவலரும் சிறைக் காவலரும் தீயணைப்பாளரும் ஒரே தேர்வில் வருகிறார்கள். எழுத்துத் தேர்வு, 7 நிமிடத்துக்குள் 1500 மீட்டர் ஓட்டம், கயிறு ஏறுதல், அதற்கும் முன் உயரமும் மார்பும். ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர்; பட்டியல் சாதி, பழங்குடி என்றால் 167. பெண்களுக்கு 159, நமக்கு 157. மார்பு 81, மூச்சை இழுத்தால் 86. சலுகை தருகிறார்களே என்று இதைப் பெருமையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அந்த அளவுநாடாவில் ராபர்ட்ஸ் பிரபுவின் கை தெரிகிறது. திருடனைப் பிடிக்கவும் தீயை அணைக்கவும் 170 சென்டிமீட்டர் வேண்டும் என்றால், 167 இருப்பவன் எப்படி அதே வேலையைச் செய்கிறான்? செய்கிறான் என்றால், மற்ற மூன்று சென்டிமீட்டர் எதற்கு? உயரத்தில் பெரும்பங்கு சிறுவயதில் வயிற்றுக்குள் போன சோறு. அந்தச் சோற்றின் வரலாற்றை அளக்கும் நாடா இதுவரை எந்த மைதானத்துக்கும் வந்ததில்லை.

ஆனால் அளவுநாடா கண்ணுக்குத் தெரிகிற தடை. பயிற்சி எடுத்துத் தாண்டலாம். கண்ணுக்குத் தெரியாத தடை காவல் நிலைய மேசையில் இருக்கிறது. எல்லாவற்றிலும் தேறிய பையனின் முன்நடத்தையை விசாரித்து அறிக்கை தருவது அவன் ஊர்க் காவல் நிலையம். தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14-ஆம் விதியை இளைஞர்கள் ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும். குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவருக்கு வேலை இல்லை என்கிறது, அது சரி. கீழே ஒரு விளக்கம் இருக்கிறது. சந்தேகத்தின் பலனால் விடுதலையானாலும், சாட்சி பிறழ்ந்து விடுதலையானாலும், அவர் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். வழக்கு நிலுவையில் இருந்து பிறகு கௌரவமாக விடுதலையானவரும் அடுத்த தேர்வில் மீண்டும் முதலிலிருந்து கலந்துகொள்ள வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-இல் இந்த விதியை ஏற்றுக்கொண்டது.

நகரத்தில் இந்த விதி எப்படிப் படுகிறதோ தெரியாது, நம் ஊர்களில் எப்படிப் படும் என்று யோசித்துப் பாருங்கள். தெருவில் அடிதடி. நம் பக்கம் வன்கொடுமைப் புகார் கொடுக்கிறோம். மறுநாள் எதிர்ப்பக்கம் ஒரு புகார். 'கேஸும் கவுன்டர் கேஸும்' என்பது நம் ஊர்க் கிழவிக்கும் தெரிந்த சொல். எதிர்ப்புகாரில் யார் பெயர் இருக்கும்? படித்த பையன், ஓடிப் பழகுகிற பையன், நாளைக்குத் தேர்வெழுதப் போகிற பையன். பிறகு அமைதிப் பேச்சு. இரண்டு பக்கமும் சாட்சி சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பெரியவர்கள் சமரசம் பேசி முடிக்கிறார்கள். ஊர் அடங்குகிறது. பையனைப் பொறுத்தவரை அது சாட்சி பிறழ்ந்த விடுதலை. அதாவது விடுதலையே இல்லை. பொய் வழக்குப் போடுவதே வன்கொடுமை என்று 1989-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அது பொய் என்று மெய்ப்பிப்பதற்குள் பையனின் வயது வரம்பு கடந்துபோகும்.

இது கற்பனை இல்லை என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் பாஞ்சாகுளத்தில் பெட்டிக்கடைக்குப் போன நம் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, உங்கள் தெருவுக்குப் பண்டம் கிடையாது என்று சொல்லி அனுப்பிய காணொளியை நாடே பார்த்தது. கரிவலம்வந்தநல்லூர் காவல் நிலையம் வழக்குப் பதிந்தது. கடைக்குச் சீல் வைத்தார்கள், கைது செய்தார்கள், குற்றம்சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடை விதித்தது. இதெல்லாம் நினைவிருக்கும். கட்டுப்பாட்டின் காரணமாகச் செய்தித்தாள்கள் எழுதியது நினைவிருக்கிறதா? 2020-இல் நடந்த மோதல் வழக்கில் சம்பந்தப்பட்ட எதிர்ப்பக்கத்து இளைஞர் ஒருவருக்கு அக்னிபாத் திட்டத்தில் பட்டாள வேலைக்கு வாய்ப்பு வந்தது. வழக்கு குறுக்கே நின்றது. வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். நம் மக்கள் மறுத்தார்கள். அதற்குப் பதிலாகக் குழந்தையின் மிட்டாய் நின்றது.

அந்த இளைஞரின் வேலைக் கவலை பொய்யல்ல. சீருடை வேலை இந்த வறண்ட வட்டாரத்தில் எல்லாச் சாதிப் பையன்களுக்கும் ஒரே கனவு. ஆனால் கவனியுங்கள்: வழக்கு இரு பக்கமும் குறுக்கே நிற்கும்போது, அதை விலக்கச் சொல்லி அழுத்தம் கொடுக்கும் வலிமை ஒரு பக்கத்திடம்தான் இருக்கிறது. கடை அவர்களுடையது, கட்டுப்பாடும் அவர்களுடையது. நம் பையனின் பெயரை எதிர்ப்புகாரிலிருந்து எடுக்கச் சொல்லி யாருக்கு நாம் பண்டம் மறுக்க முடியும்?

இனி உள்ளே போனவனின் நிலைமைக்கு வருகிறேன். 1902-03-இல் ஃப்ரேசர் தலைமையில் அமைந்த போலீஸ் கமிஷன் ஒரு காரியம் செய்தது. படித்த நடுத்தர வர்க்கத்திலிருந்து சப்-இன்ஸ்பெக்டர்களை நேரடியாக எடுக்கச் சொன்னது. கான்ஸ்டபிளாக வந்தவன் சொன்னதைச் செய்தால் போதும். அந்த இரட்டை வாசல் இன்னும் மூடவில்லை. எஸ்.ஐ. தேர்வில் துறைக்குள் இருப்பவருக்கு 20 விழுக்காடு. மற்றவர்கள் வெளியிலிருந்து நேராக வருகிறார்கள். முதல் தலைமுறையாகப் படித்த நம் பையன் பெரும்பாலும் நுழைவது சின்ன வாசல். முதல்நிலைக் காவலர், ஏட்டு, சிறப்பு எஸ்.ஐ. என்று பல ஆண்டு ஏறி முடிக்கும்போது ஓய்வு பக்கத்தில் வந்துவிடும்.

தமிழ்நாட்டில் 69 விழுக்காடு பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அது நியமனத்துக்கான ஒதுக்கீடு. 1992-இல் மண்டல் வழக்கில் பதவி உயர்வில் ஒதுக்கீடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், 1995-இல் 77-ஆம் திருத்தம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அந்த வழியைத் திறந்துவிட்டது. திறந்த வழியில் தமிழ்நாடு நடக்கவில்லை. சுழற்சிப் பட்டியலில் எந்த இடத்தில் தேர்வானாரோ அந்த இடமே பணிமூப்பு என்று 2016-ஆம் ஆண்டு அரசுப் பணியாளர் சட்டம் கொஞ்சம் பாதுகாப்புக் கொடுத்திருந்தது. 2019-இல் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளை நீக்கியது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. இனி மூப்புக்குத் தேர்வு மதிப்பெண்தான் கணக்கு. ஒரே நாளில் சேர்ந்தாலும், இரண்டு மதிப்பெண் குறைந்தவன் பட்டியலில் கீழே. பட்டியலில் கீழே என்றால் பதவி உயர்வு தள்ளிப் போகும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் அலபாமா மாநில நெடுஞ்சாலைக் காவல் படையில் 37 ஆண்டுகளாக ஒரு கறுப்பர்கூட இல்லை என்று 1972-இல் ஒரு நீதிமன்றம் கண்டது. ஒருவருக்கு ஒருவர் என்று கறுப்பரைச் சேர்க்க ஆணையிட்டது. சேர்த்தார்கள். பல ஆண்டு கழித்துப் பார்த்தால் மேல்பதவிகளில் ஒருவரும் இல்லை. அதனால் பதவி உயர்விலும் ஒருவருக்கு ஒருவர் என்று மறுபடி ஆணையிட வேண்டி வந்தது. 1987-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அதை ஏற்றது. அதே நீதிமன்றம் 2009-இல் நியூ ஹேவன் நகரத் தீயணைப்பாளர் வழக்கில் வேறு திசையில் திரும்பியது. பதவி உயர்வுத் தேர்வில் கறுப்பர் யாரும் மேலே வர முடியாத நிலை கண்டு நகராட்சி அந்த முடிவுகளைக் கைவிட்டிருந்தது. அது தவறு என்று தீர்ப்பானது. அங்கேயும் மதிப்பெண்தான் தகுதி என்ற வாதமே வென்றது. எரியும் வீட்டுக்குள் புகுந்து குழந்தையைத் தூக்கி வருவதற்கு எந்த வினாத்தாளில் மதிப்பெண் போடுகிறார்கள் என்று நான் யாரையாவது கேட்க வேண்டும்.

கடைசியாக, நாம் கையில் வைத்துக்கொண்டே பயன்படுத்தாத ஒரு விதி. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இல் வந்தன. அவற்றில் 13-ஆம் விதியின் இரண்டாம் பகுதி, நிர்வாகத்திலும் காவல்துறையிலும் எல்லா நிலைகளிலும், குறிப்பாகக் காவல் நிலைய அளவில், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் போதிய இடம் இருப்பதை உறுதி செய்வது மாநில அரசின் பொறுப்பு என்கிறது. சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், தென்காசி நாடாளுமன்றம் என்று தனித்தொகுதிகள் நம்மைச் சுற்றி நிற்கின்றன. அங்கே வென்றவர்களில் எத்தனை பேர் இந்த விதியைக் கையில் எடுத்துக் கேள்வி கேட்டிருப்பார்கள்?

அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனுவுக்குப் பத்து ரூபாய். தென்காசி மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு ஒன்று, தீயணைப்புத் துறைக்கு ஒன்று. நம் மாவட்டத்தில் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இரண்டாம் நிலைக் காவலர், முதல்நிலைக் காவலர், ஏட்டு, சிறப்பு எஸ்.ஐ., எஸ்.ஐ., ஆய்வாளர் என்று பதவிவாரியாகப் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், அவர்களில் அருந்ததியர் எத்தனை பேர், 13-ஆம் விதிப்படி என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். தனித்தாளில் இன்னொரு கேள்வி: கடந்த பத்து ஆண்டில் முன்நடத்தை விசாரணையில் வழக்கைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவற்றில் எதிர்ப்புகாரில் பதிந்த வழக்குகள் எத்தனை? மனுவின் மாதிரி எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். வாசலில் இருக்கும் மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.