திரையின் அடியில் 15 கட்டளைகள்

1984-ல் சியரா நிறுவனம் வெளியிட்ட கிங்ஸ் குவெஸ்ட் அட்வெஞ்சர் கேமில் நாயகனைக் கீபோர்டால் நடக்கவைக்கலாம். மற்றதையெல்லாம் ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும். பொருள் கண்முன்னே தெரியும். கேம் அதை என்ன பெயரில் அறிந்திருக்கிறது என்பதுதான் தெரியாது. புதிரை விடுவித்தவரும் சொல் கிடைக்காமல் திண்டாடினார்.

அந்தக் காலத்தில் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸில் ரான் கில்பர்ட்டும் ஓவியர் கேரி வின்னிக்கும் ஒரு திகில் மாளிகைக் கதையை வைத்துக்கொண்டு, அதை எப்படி விளையாட்டாக்குவது என்று பிடிபடாமல் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் உறவுக்காரச் சிறுவன் ஒருவன் கிங்ஸ் குவெஸ்ட் ஆடுவதைப் பார்த்தார் கில்பர்ட். தேடிய வடிவம் கிடைத்துவிட்டது. டைப் செய்வது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. படத்தைக் காட்டிவிட்டு, சொல்லை ஏன் ஒளித்துவைக்க வேண்டும்?

1987-ல் கமடோர் 64 கணினிக்கு வந்த அவர்களது மேனியாக் மேன்ஷனில் சொற்கள் வெளியே வந்தன. திரையின் அடியில் திற, மூடு, தள்ளு, இழு, கொடு என்று 15 கட்டளைகள். ஜாய்ஸ்டிக்கால் முதலில் வினையைத் தொட்டு, பிறகு பொருளைத் தொட்டால் வாக்கியம் தானாக அமைந்துவிடும். அவற்றில் 'இது என்ன' என்றும் ஒரு கட்டளை. அதைத் தேர்ந்துகொண்டு படத்தின் மேல் குறியை ஓட்டினால்தான் எதெல்லாம் பொருள், எது வெறும் சுவரோவியம் என்று விளங்கும்.

1990-ல் அதே நிறுவனத்திலிருந்து வந்த தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்டில் அந்தக் கட்டளை போயிற்று. குறி மேலே பட்டதுமே பெயர் தெரிந்தது. கட்டளைகள் 12 ஆகி, இரண்டாம் பாகத்தில் 9 ஆயின. 1995-ல் ஃபுல் த்ராட்டில் பட்டியலையே எடுத்துவிட்டது: பொருளை அழுத்திப் பிடித்தால் கை, கால், கண், வாய் கொண்ட சின்னம் எழும். கிரிம் ஃபண்டாங்கோ (1998) மவுஸையே கைவிட்டது. நாயகன் தலையைத் திருப்புவதை வைத்துத்தான் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று அறிய வேண்டும். அழகான யோசனைதான், ஆனால் ஆட்டம் கைக்கு வசப்படவில்லை. 2015 மறுபதிப்பில் மவுஸ் திரும்பி வந்தது.

2022-ல் கில்பர்ட்டே ரிட்டர்ன் டு மங்கி ஐலண்டைக் கொண்டுவந்தார். கட்டளைப் பட்டியல் இல்லை. பொருளின் மேல் குறியை வைத்தால், அதைப் பற்றி நாயகன் கைப்ரஷ் நினைப்பதே வாக்கியமாகத் தெரிகிறது. கட்டளை இருந்த இடத்தில் பாத்திரத்தின் மனசு வந்து உட்கார்ந்தது, இத்தனை வருட மாற்றங்களில் ஆகச் சிறந்தது என்பேன்.

கேம் வடிவமைப்பு படிக்கும் தம்பி தங்கைகள் முதலில் மேனியாக் மேன்ஷனையும் பிறகு ரிட்டர்ன் டு மங்கி ஐலண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பாருங்கள்.