புறக்கோலமும் அகத்தூய்மையும்: தத்துவ போதகர் எழுப்பிய வினா

உருவம் கண்டு ஒருவரை இகழலாகாது என்பதை வள்ளுவர் பொருட்பாலில் வைத்து உரைத்தார். விவிலியத்தின் பழைய ஏற்பாடும் இக்கருத்தை ஒரு நிகழ்ச்சியாகக் காட்டுகின்றது. ஈசாயின் மைந்தருள் ஒருவரை அரசராகத் திருநிலைப்படுத்தச் சென்ற சாமுவேல், மூத்தவனின் உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு, இவனே அரசன் எனக் கருதுகின்றார். இறைவனோ அகத்தை நோக்கி, ஆடு மேய்க்கும் இளையவன் தாவீதைத் தேர்கின்றார். கிறித்தவம் போற்றும் இவ்வளவுகோல் பதினேழாம் நூற்றாண்டில் மதுரை மண்ணில் பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று.

இத்தாலி நாட்டு இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி (1577–1656) 1606இல் மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்னரே அங்குப் பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளாரால் மதுரை மக்களை ஈர்க்க இயலவில்லை. கிறித்தவராதல் என்பது ‘பரங்கி’ ஆதலே என்று மக்கள் கருதினர். சமயத்தின் உட்பொருளை அறியவொட்டாமல் அதன் புறக்கோலமே தடுத்து நின்றது. எனவே நொபிலி கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார்; புலால் துறந்தார்; தமிழும் வடமொழியும் தெலுங்கும் பயின்று தத்துவ போதகர் எனப் பெயர் பெற்றார். சமயம் தழுவியோர் குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவற்றைத் துறக்க வேண்டுவதில்லை என்றும் கற்பித்தார்.

இதனை எதிர்த்துப் பெர்னாண்டஸ் மேலிடத்திற்கு முறையிட்டார். பூணூல் வழிபாட்டுச் சின்னமா, உலகியல் அடையாளமா என்பதே வழக்கு. அது குலத்தையும் தகுதியையும் காட்டும் உலகியல் அடையாளமே என நொபிலி வாதிட்டார். 1619இல் கோவாவில் கூடிய மாநாட்டில் எதிர்ப்பே மிகுந்திருந்தது. எனினும் கிராங்கனூர்ப் பேராயர் பிரான்சிஸ்கு ரோஸ் அவர் பக்கம் நின்றார். இறுதியாக 1623 சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளுடன் இசைவளித்தார்.

இங்கு நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பூணூல் வெறும் புற அடையாளம் எனின், அது காட்டும் பிறப்புயர்வும் புற அடையாளமே அன்றோ? நொபிலியின் வாதம் இம்முடிவு வரை செல்லவில்லை. அவர்தம் மறைப்பணி குலவேறுபாட்டை ஏற்றே நடந்தது. பிற குலத்தாரிடையே பணியாற்றப் பண்டார சுவாமிகள் என்னும் தனிப்பிரிவினர் 1640இல் தோன்றினர். ஆயின் அதே திருத்தந்தையின் மடல், உயர்குடியினர் எளிய பிறப்பினரை, சிறப்பாக ஆலயத்தினுள், இகழலாகாது என்றும் அறிவுறுத்தியிருந்தது. இசைவு செயலுக்கு வந்தது. அறிவுரை ஏட்டிலேயே தங்கிற்று. வடக்கன்குளம் ஆலயத்தினுள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. மடலுக்கும் சுவரின் வீழ்ச்சிக்கும் இடையே 287 ஆண்டுகள்!

இதனால் நொபிலியின் பெருமை குன்றிவிடாது. அந்நியக் கோலம் சமயத்தின் உயிர் அன்று என்பதைத் துணிந்து மெய்ப்பித்தவர் அவர். ஞானோபதேசம், தூஷண திக்காரம் முதலிய நூல்களால் தமிழ் உரைநடை தருக்கத்திற்கும் தத்துவத்திற்கும் ஏற்ற கருவியாயிற்று. அவர்தம் ஆத்தும நிர்ணயம் உடலினின்று வேறாய ஆன்மாவின் இயல்பை ஆராய்வது. ஆன்மாவிற்குக் குலம் ஏது என்னும் வினா அந்நூலைப் பயில்வார் நெஞ்சில் எழாதிராது. ஆசிரியர் தொடங்கிவைத்த வாதத்தை நிறைவுசெய்யும் கடமை படிப்பவர்க்கு உரியது. சொல்லின் கோலத்தினும் பொருளின் வாய்மையைப் பெரிதாகப் போற்றும் கவிஞர்கட்கு அக்கடமை இன்னும் மிகுதியாக உண்டு என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.