முதல் மாதச் சம்பளம்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் போகும் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. சத்திரம் என்பது வழிப்போக்கன் உண்டு, படுத்து, எழுந்து போவதற்காக ஏற்பட்ட இடம். ஆஸ்பத்திரி என்று நாம் தமிழாக்கிக்கொண்ட சொல்லின் மூலத்தைத் தேடிப் போனாலும், விருந்தாளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லில்தான் போய் முடிகிறது. ஆகவே சத்திரமும் ஆஸ்பத்திரியும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். இரண்டும் தர்மத்தில் பிறந்தவை. தர்மத்தில் பிறந்த இடத்தில் வேலை செய்கிறவர் கூலி கேட்டால் உலகம் கொஞ்சம் முகம் சுளிக்கும். நர்ஸ் உத்தியோகத்தின் சரித்திரத்தில் பாதி, இந்த முகச் சுளிப்பின் சரித்திரம்தான்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1853-ல் லண்டன் ஹார்லி தெருவில் ஒரு மருத்துவ இல்லத்தின் மேற்பார்வையை ஏற்றபோது அவர் சம்பளம் வாங்கவில்லை. வருஷத்துக்கு ஐந்நூறு பவுன் தகப்பனார் கொடுத்து வந்தார், அது போதுமாயிருந்தது. ஆனால் 1860-ல் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, அங்கே வந்து சேர்ந்த பெண்களுக்கு அப்படிப்பட்ட தகப்பனார்கள் இல்லை. அவர்களுக்கு இடம், சாப்பாடு, சீருடை எல்லாம் போக முதல் வருஷத்தில் பத்துப் பவுன் கையில் கொடுத்தார்கள். அம்மையாரின் தியாகத்தைப் பாடாத புத்தகமில்லை. அந்தப் பத்துப் பவுனை அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பாரில்லை.

நம் பக்கத்தில், சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-ல் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் நர்ஸ் பள்ளி ஏற்படுத்தினார். 1946-ல் அங்கே பட்டப் படிப்பே வந்துவிட்டது. இடையில், 1926-ல், சென்னை மாகாணத்தில் நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய ஒரு சட்டமும் வந்தது. ஆனால் முதலில் இந்த வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்திய, இந்தியக் கிறிஸ்தவப் பெண்கள். அந்நியர் உடம்பைத் தொடுவதா, ராத்திரி வேளையில் வெளியே இருப்பதா என்று மற்ற வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1874-ல் மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் வந்தது. மனைவி தன் வேலையில் சம்பாதித்த கூலி அவளுடைய தனிச் சொத்து என்றது அந்தச் சட்டம். ரொம்ப நல்ல சட்டம்தான். ஆனால் இந்துக்கள், முஸ்லிம்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், சமணர்கள் ஆகியோருக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அதாவது ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலைக் கவனிக்கும் இரண்டு பெண்களில், மேரியின் சம்பளம் மேரியுடையது. மீனாட்சியின் சம்பளம் யாருடையது என்பதற்கு ஸ்மிருதிகளைப் புரட்ட வேண்டும்! மனைவி கைத்தொழிலால் ஈட்டியதன் மேல் கணவனுக்கு ஆளுகை உண்டு என்று காத்தியாயனர் சொல்லியிருந்தார். அது எவ்வளவு தூரம் செல்லும் என்று பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறுவிதமாக வாதாடினார்கள். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்துதான் சந்தேகம் தீர்ந்தது. பெண் தன் திறமையாலும் உழைப்பாலும் அடைந்த சொத்துக்கு அவளே முழு உரிமையாளர் என்று அதன் பதினான்காவது பிரிவு சொல்லிவிட்டது.

சட்டம் சொன்னதை வீடு கேட்டதா? அதுதான் கேள்வி.

1960-களில் கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து இளம் பெண்கள் மேற்கு ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போனார்கள். பின்னால் அரபு நாடுகளுக்கும் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரில் ஓலைக்கூரைகள் ஓட்டு வீடுகளாயின; தம்பிகள் படித்தார்கள்; தங்கைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய கைகள் அவை. அதே கைகள் தங்களுக்கென்று எதை வைத்துக்கொண்டன என்று கணக்கு எழுதியவர்கள் குறைவு.

நம் புதுச்சத்திரத்துப் பக்கமும் இப்போது வீட்டுக்கு வீடு ஒரு நர்ஸ் என்று சொல்லலாம் போலிருக்கிறது. லாரி ஓட்டுகிறவர் மகளும், கோழிப்பண்ணையில் வேலை பார்ப்பவர் மகளும் சீருடையோடு பஸ் ஏறுகிறார்கள். வேலைக்குப் போய் ஒரு மாதமான ஒரு பெண்ணிடம், “முதல் சம்பளத்தை என்னம்மா செய்தாய்?” என்று கேட்டேன்.

“அம்மாவுக்கு ஒரு சேலைங்க, சித்தப்பா. அப்பாவுக்கு வேட்டி சட்டை. நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கிட்டது ஒண்ணு இருந்ததுங்க. படிப்புக் கடனுக்குக் கொஞ்சம் கட்டினோம். மீதி அப்பாகிட்டயே இருக்குதுங்க.”

“உனக்கு?”

அவள் சிரித்தாள். கேள்வி அவளுக்குப் புதிதாயிருந்தது. ஏ.டி.எம். கார்டும் அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கிறதாம்.

அந்தத் தகப்பனாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கிப் படிக்க வைத்தவர் அவர். மேலும், வீடு மட்டுமா இப்படி? 2015-ல் தமிழக அரசு ஆயிரக்கணக்கான நர்ஸுகளை ஒப்பந்தத்தில் நியமித்தபோது கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். அவர்கள் 2017 நவம்பரில் சென்னைத் தேனாம்பேட்டையில் வந்து உட்கார்ந்து போராடினார்கள். அடுத்த வருஷம் அது 14,000 ஆயிற்று. தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றி 2016-ல் உச்சநீதிமன்றம் ஒரு குழு அமைக்கச் சொன்னது. ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு சிபாரிசு செய்தது. சிபாரிசு என்பது சிபாரிசுதானே!

‘சேவை’ என்ற சொல்லைச் சொல்லி ஆஸ்பத்திரி ஒரு பங்கைக் குறைத்துக்கொள்கிறது. ‘கடமை’ என்ற சொல்லைச் சொல்லி வீடு மீதியை வாங்கிக்கொள்கிறது. இரண்டும் உயர்ந்த சொற்கள். அதனால்தான் அந்தப் பெண்ணால் எதிர்த்து ஒன்றும் பேச முடிவதில்லை.

அம்மாவுக்குச் சேலை எடுக்கட்டும். சாமிக்கு வேண்டுதலையும் செலுத்தட்டும். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் ராத்திரி முழுவதும் வார்டில் நின்று கால் கடுக்கிறவள், முதல் சம்பளத்தில் தனக்கென்று நல்லதாக ஒரு ஜோடி செருப்பாவது வாங்கிக்கொள்ள வேண்டும். அதை அவளே கடைக்குப் போய், தன் கார்டைக் கொடுத்து வாங்க வேண்டும்.