மனுவின் வலிமை

வாக்குரிமை இல்லாத மக்கள் அரசைத் தம் சொல்லுக்குச் செவிசாய்க்கச் செய்தல் இயலுமா? இயலும் என்பதற்குச் சென்னையின் வரலாற்றையே நான் சான்றாகக் காட்டுவேன்.

கும்பினியார் ஆட்சியில், வரி செலுத்த இயலாத குடியானவர்களைச் சிப்பந்திகள் வதைத்தனர். வரி வாங்கியவர்களே காவல் அதிகாரமும் பெற்றிருந்தமையால், முறையிட இடமில்லை. 1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலியோர் நிறுவிய சென்னைவாசிகள் சங்கம், குறைகளை விவரித்து இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு மனு விடுத்தது. மனுவோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சென்னைக்கு வந்த டான்பி சீமோர் என்னும் பாராளுமன்ற உறுப்பினரை நாட்டுப்புறங்களுக்கு அழைத்துச் சென்று, குடிகளின் நிலையைக் கண்ணாரக் காணச் செய்தார் செட்டியார். 1854இல் காமன்ஸ் சபையில் இவ்வதை பற்றி விவாதம் எழுந்தது. சென்னையில் விசாரணைக் குழு அமைந்தது. குடிகள் நெடுந்தொலைவு கடந்துவந்து சாட்சியளித்தனர். வதை உண்மையே என்று 1855ஆம் ஆண்டின் அறிக்கை உரைத்தது. 1859இல் இயற்றப்பட்ட சட்டம் காவலை வரித்துறையினின்று பிரித்தது.

சீமோர் அக்குடிகளின் வாக்கால் வென்றவர் அல்லர். நம் உறுப்பினரோ நம் வாக்கால் அமர்ந்தவர். ஆகவே நம் உரிமை பெரிது. குறையைத் தெளிவாக எழுதுவோம். உறுப்பினரை அவ்விடத்துக்கே அழைத்துக் காட்டுவோம். கேட்கும்பொழுது சாட்சி சொல்ல அஞ்சாதிருப்போம்.