வாணியாறும் தீர்த்தகிரியும்

திருக்குடமுழுக்கு நன்னாளில் கலசத்துள் எழுந்தருளுவது இறைவனின் திருவருள். அதனைத் தாங்கி நிற்பது நீர். ஆதலின் ஒரு நாட்டின் கோயில் வரலாற்றை அறிய விழையும் அன்பர்கள், அந்நாட்டில் நீர் வந்த வழியையும் அறிதல் வேண்டும்.

சேர்வராயன் மலை இருபுறமும் நீர் ஈவது. அங்குத் தோன்றும் திருமணிமுத்தாறு தெற்கே காவிரியை நாடிச் செல்ல, வாணியாறு வடகிழக்கே இறங்கி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வட்டாரங்களைக் கடந்து தென்பெண்ணையிற் கலக்கின்றது. சிறிய ஆறுதான்; கோடையில் மணல்வழியாகவே காட்சி தரும். எனினும் மழைக்காலத்து வரும் நீரை ஏரிகளில் தேக்கியே இங்குள்ள சிற்றூர்கள் பிழைத்தன. இவ்வாற்றின் பக்கத்தே வெங்கடசமுத்திரம் என்றோர் ஊர் உண்டு. கடலைக் கண்டறியாத நாட்டில் ஏரியைச் சமுத்திரம் என்று அழைத்தனர் நம் முன்னோர்! நீரின் அருமை அறிந்தவர்க்கன்றி அப்பெயர் தோன்றியிராது.

தென்கரைக்கோட்டை என்னும் பெயரும் ஆற்றங்கரையையே குறிக்கின்றது. கோட்டை இன்று சிதைந்து கிடக்கின்றது. அதனை ஆண்டோரும் காத்தோரும் மறைந்தனர்; உள்ளே கல்யாணராமர் கோயில் மட்டும் நிலைபெற்றுள்ளது. 1965இல் சேலத்தினின்று பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 1980களில் முள்ளிக்காட்டின் அருகே மலையடிவாரத்தில் வாணியாறு அணை எழுந்தது. ஏறத்தாழ 65 அடி நீர் நிற்கும் அவ்வணை நிறைந்தால்தான் ஆலாபுரம் முதலிய ஏரிகளுக்கும் நீர் கிட்டும். நிறையாத ஆண்டுகளில் உழவர் படும் துயரம் சொல்லுந்தரமன்று.

இதே அரூர் வட்டாரத்தில்தான், அருணகிரிநாதர் திருப்புகழ் பெற்ற தீர்த்தமலை விளங்குகின்றது. வடிவாம்பிகை உடனுறை தீர்த்தகிரீசுவரர் திருத்தலம் அது. இராவண வதத்திற்குப் பின் இராமபிரான் இங்குச் சிவபூசை செய்ய எண்ணினார் என்பது தலபுராணம். கங்கைநீர் கொணரச் சென்ற அனுமன் வர நேரமாயிற்று. பூசைக்காலம் தவறலாகாதென்று இராமர் மலைமீது அம்பெய்ய, பாறையினின்று நீர் பெருகிற்று. இன்றும் பாறை உச்சியிலிருந்து விழும் அந்நீரே இராமதீர்த்தம். பேரருவியன்று, தலைமேல் தாரையாக விழுவது. அகத்தியர், குமரன், கௌரி, அக்கினி பெயரால் வேறு தீர்த்தங்களும் மலைமேல் உள்ளன.

பிந்தி வந்த அனுமன், தாம் கொணர்ந்த நீர் பயன்படாமை கண்டு வருந்திக் கலத்தை வீசினார். அது வீழ்ந்த இடம் தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன்தீர்த்தம். வரலாற்றாசிரியர் இதனைப் புராணமென்பர்; அன்பர் உள்ளம் வேறொன்றைக் காண்கின்றது. காலந்தாழ்ந்த தொண்டும் வீண்போகவில்லை. இன்றும் அடியார்கள் முதலில் அனுமன்தீர்த்தத்தில் நீராடி, பின் இராமதீர்த்தத்தை நோக்கி மலையேறுகின்றனர்.