ஹைலேண்டர் மக்கள் பள்ளி

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1932இல் மைல்ஸ் ஹார்ட்டன், டான் வெஸ்ட் இருவரும் தொடங்கிய பயிற்சிப் பள்ளி. முதலில் தொழிற்சங்கத்தினரும், 1950களில் கறுப்பின மக்களின் சிவில் உரிமை இயக்கத்தினரும் இங்கே பயின்றனர். தேர்வு, மதிப்பெண் கிடையாது. வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சிக்கலை முன்வைத்து, கூடிப் பேசித் தீர்வு தேடினர். கறுப்பினச் செயல்பாட்டாளர் ரோசா பார்க்ஸ் 1955 கோடையில் இங்கு வந்தார். அந்த டிசம்பரில் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்து அவர் கைதானதும், மான்ட்கோமரி நகரில் கறுப்பின மக்களின் பேருந்துப் புறக்கணிப்பு வெடித்தது.

ஹைலேண்டரின் பெரும் சாதனை குடியுரிமைப் பள்ளிகளே. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாக்கு இல்லை என்ற தடையை முறியடிக்க, 1957இல் தென் கரோலைனாவின் ஜான்ஸ் தீவில் முதல் வகுப்பு தொடங்கியது. செப்டிமா கிளார்க் வழிகாட்ட, அழகு நிலையம் நடத்திவந்த பெர்னிஸ் ராபின்சன் கற்பித்தார். ஆசிரியப் பயிற்சி இல்லாதவரை அமர்த்தியது துணிச்சலான, மிகச் சரியான முடிவு. 1961இல் டென்னசி மாநில அரசு ஹைலேண்டர் பள்ளியை மூடியது. நிறுவனம் வேறு பெயரில் நாக்ஸ்வில் நகரில் தொடர்ந்தது.