சாத்தன் போன வழி

தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்களுக்கு எடுத்துக்காட்டாக ஓர் ஆள் வேண்டுமென்றால் முதலில் கைக்கு வருபவன் சாத்தன். வருபவனும் அவன்தான், உண்பவனும் அவன்தான். துணைக்கு இன்னொருவன் தேவைப்பட்டால் கொற்றன். தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற பெயர்களைத்தானே இலக்கண ஆசிரியர் எடுத்துக்கொள்வார்? இன்று அந்தப் பெயரை வெறுமனே சூடிய ஒரு பையனைத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடப் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

சாத்து என்றால் வணிகக் கூட்டம். மிளகுப் பொதி ஏற்றிய கழுதைச் சாத்துகள் சுங்கச்சாவடி உள்ள பெருவழிகளில் நடந்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. கோவலனின் அப்பா பெயர் மாசாத்துவான். மணிமேகலை பாடியவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், அதாவது தானிய வியாபாரி. ஆக, இது வணிகர் வீட்டுப் பெயர் என்று ஒரு கட்சி. இல்லை, சாத்தன் என்பது ஐயனாருக்கே உரிய பெயர், சாமி பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள் என்று இன்னொரு கட்சி. எனக்கு இதில் பெரிய சண்டை தெரியவில்லை. காட்டுவழியில் சரக்கோடு போகிறவனுக்குத்தானே ஊர் எல்லையில் குதிரையேறி நிற்கும் காவல் தெய்வம் அதிகம் தேவைப்படும்!

வழி கடலுக்கு அப்பாலும் நீண்டது. எகிப்தின் செங்கடல் கரையில் குசெய்ர் அல்-கதீம் என்ற பழைய துறைமுகத்தில் 1978 முதல் 1982 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது தமிழ் பிராமி கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. ஒன்றில் கணன், இன்னொன்றில் சாதன். அக்காலத்தில் மெய்யை இரட்டித்து எழுதும் பழக்கம் நிலைபெறவில்லை, ஆகவே கண்ணனும் சாத்தனும்தான் அவர்கள். முதல் நூற்றாண்டையொட்டி ரோமானியத் துறைமுகத்தில் தன் பானையில் பெயர் கீறிவைத்த ஒருவன்! யவனர் சாமானோடு கலந்துவிடக் கூடாது என்ற கவலையாக இருக்கலாம்.

ஊரில் அப்போது சாத்தன்களுக்குப் பஞ்சமில்லை. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்த துயரம் புறநானூற்றில் இருக்கிறது. பெண்பாலும் உண்டு: ஒக்கூர் மாசாத்தியார். சாத்தனுக்குத் தந்தை என்றால் சாத்தந்தை. கொங்குநாட்டு வேளாளர் கூட்டங்களில் அதே வடிவில் ஒன்று இன்றும் இருக்கிறது, சாத்தந்தை கூட்டம்.

எப்போது சரியத் தொடங்கியது? திருப்பரங்குன்றம் குடைவரையில் 773ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் பெரிய அதிகாரி சாத்தன் கணபதி செய்த திருப்பணியைச் சொல்கிறது. அவன் மனைவி நக்கன் கொற்றி. தகப்பன் பெயரை முன்னால் போடுவது அக்கால வழக்கு, ஆகவே சாத்தன் மகன் கணபதி. ஒரே வீட்டில் அப்பா பழம்பெயர்க்காரர், மகன் பிள்ளையார் பெயர்க்காரர். இந்த ஒரு கல்வெட்டை வைத்து ஊரையே அளக்க முடியாது. ஆனால் கோயில் பெருகப் பெருகக் கணபதியும் நாராயணனும் நுழைந்து சாத்தனையும் கொற்றனையும் ஓரம்கட்டிய கதையை அது ஒரே வரியில் சொல்லிவிடுகிறது.

ஆள் பெயராகத் தேய்ந்தாலும் நிலத்தில் ஒட்டிக்கொண்டது. சாத்தூர், சாத்தான்குளம், ஊருக்கு ஊர் ஒரு சாத்தனூர். அவற்றுள் ஒரு சாத்தனூரில்தான் தென்பெண்ணை அணை.

மலைக்கு அந்தப் பக்கம் வேறு கதை. கேரளத்துப் பழங்கதையில் பறையி பெற்ற பன்னிரு குலத்துப் பிள்ளைகளில் ஒருவன் அகவூர் சாத்தன். அங்கே பெயர் ஒடுக்கப்பட்டவர்களின் வீடுகளில் தங்கியது, 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் பி.கே. சாத்தன் மாஸ்டர் அமைச்சராக உட்கார்ந்தார். அதே மலையாள மண்ணில்தான் ஏவல்செய்யும் குட்டிச்சாத்தனும். 1984இல் வந்த முப்பரிமாணப் படம் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்று தமிழில் ஓடியபோது ஒரு நெடில் கூடிவிட்டது.

அந்த நெடில்தான் வம்பு. விவிலியத் தமிழில் சாத்தான் என்றால் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாதிரிமார் வந்து பெயரைக் கொன்றார்கள் என்று சொல்லத் தோன்றும், அது சரியல்ல. அவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது மெலிந்துவிட்டது. ஆனால் திரும்பி வர விடாமல் தடுப்பது அந்த ஓசை ஒற்றுமைதான். கீழடிப் பானை ஓட்டில் படித்த ஆதன் என்ற பெயரைப் பிள்ளைக்கு வைக்கத் துணிகிற பெற்றோர், எகிப்து வரை போன சாத்தனைத் தொடத் தயங்குகிறார்கள். பாட்டி ஒருத்தி “என்னடி, பேயின் பேரா?” என்று கேட்டுவிட்டால் பேச்சு முடிந்தது.

செட்டிநாட்டில் மட்டும் அந்தத் தயக்கம் இல்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு இடுவது நகரத்தார் வழக்கம். தாத்தா சாத்தப்பன் என்றால் பேரனும் சாத்தப்பன், அவன் எந்த நாட்டில் பிறந்தாலும் சரி.